எத்தனை வகுப்பு போதும்?



இரட்டைமலை சீனிவாசனின் நினைவாக இன்று சிவகிரியில் கூடியிருக்கிறோம். அவரைப் பற்றிப் பேசும்போது வட்டமேசை மாநாட்டையும் அங்கே அவர் அம்பேத்கரோடு அமர்ந்ததையும் முதலில் சொல்வது நம் வழக்கம். இன்று அவருடைய பள்ளி நாட்களிலிருந்து தொடங்குவோம். 1939இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் அவர் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். கோயம்புத்தூரில் அவர் படித்த பள்ளியில் ஏறத்தாழ 400 மாணவர்கள் இருந்தார்கள். பத்துப் பேர் நீங்கலாக மற்ற எல்லோரும் பிராமணர்கள். தன் சாதி தெரிந்துவிடக் கூடாதே என்று அவர் யாரோடும் நெருங்கிப் பழகவில்லை. பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போனார்.

அந்தப் பையன் தேர்வு எழுதியபோது, விடைத்தாளில் இருந்ததற்கு மட்டுமே மதிப்பெண் கிடைத்தது. மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்ததற்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. இன்றைய சொற்பொழிவின் பொருள் இதுதான். ஒரு குழந்தை பள்ளிப் படிப்பை முடித்துவிட்டது என்று சொல்ல என்ன தகுதி வேண்டும்? அதை யார் முடிவு செய்தார்கள்? எந்தச் சட்டத்தால், எந்த ஆணையால்?

நம் வீடுகளில் ஒரு தகரப்பெட்டி உண்டு. அதில் பட்டா இருந்ததோ இல்லையோ, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருந்தது. சாதிச் சான்றிதழுக்கும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவுக்கும் வயதை நிரூபிப்பதற்கும் அதுதான் ஆவணம். எங்கள் தலைமுறையில் தேர்வு முடிவு மாலைப் பேப்பரில் வந்தது. திருநெல்வேலியிலிருந்து பஸ் வரும்வரை சிவகிரி பஸ் நிறுத்தத்தில் கூட்டமாக நிற்போம். பேப்பரில் பெயர் இருக்காது, எண்கள் மட்டும் இருக்கும். தேறியவர்களின் எண்களை மட்டுமே அச்சிடுவார்கள். வீட்டுக்குள் நுழையும் முன்பே அம்மா வாசலில் நின்று கேட்பாள்: "எலே, நம்பர் இருக்கா?" இல்லாத எண்ணுக்கு உரியவன் மறுநாள் கரும்பு வெட்டவோ, புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டத்துக்கோ, தீப்பெட்டி ஆபீசுக்கோ போனான். அவனுக்கு ஊர் வைத்த பெயர் "பத்தாங்கிளாஸ் பெயில்". முப்பது வருடம் கழித்தும் அந்தப் பெயர் மாறவில்லை.

35 மதிப்பெண் என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வாழ்க்கை, அந்தப் பக்கம் இன்னொரு வாழ்க்கை. அந்தக் கோட்டின் வரலாற்றை நாம் எழுதிப் பார்த்ததில்லை. பள்ளிக்குள் நுழைந்த வரலாற்றை எழுதியிருக்கிறோம். பள்ளியிலிருந்து வெளியேறிய வரலாறு, வெளியேற்றப்பட்ட வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.

நாலாம் வகுப்பிலிருந்து

1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் நீலகிரிப் பகுதியின் பிரதிநிதியாக அயோத்திதாசர் கலந்துகொண்டார். கோயில் நுழைவைப் பற்றி அவர் எழுப்பிய கேள்விக்கு அங்கே எதிர்ப்புதான் கிடைத்தது. அதன்பின் அவர் முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று, நம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வி. இன்று கேட்கும்போது மிகச் சிறிய கோரிக்கையாகத் தெரியும். நான்கு வகுப்பு படித்த ஒருவர் சேரியில் இருந்தால் பத்திரம் படிப்பார், மனு எழுதுவார், கடன் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வார். அன்றைய நிலையில் அது ஓர் அதிகாரம். அதனால்தான் அதைக்கூட நன்கொடையாகவே தரப் பார்த்தார்கள், உரிமையாகத் தர விரும்பவில்லை.

அடுத்த ஆண்டு, 1893இல், இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதுபோல் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று பிரிட்டிஷ் மக்களவை தீர்மானம் நிறைவேற்றியது. காங்கிரஸ் அதை வரவேற்றது. இரட்டைமலை சீனிவாசன் எதிர்த்தார். 3,412 பேரின் கையொப்பத்தோடு நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். நம்மில் சிலரே இதைச் சொல்லக் கூச்சப்படுகிறோம். வெள்ளைக்காரனுக்குச் சாதகமாக நடந்துகொண்டாரே என்று வருந்துகிறவர்களும் உண்டு. அவருடைய வாதத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். தேர்வு எல்லோருக்கும் பொதுவானது என்பது காகிதத்தில். அந்தத் தேர்வுக்குப் போய்ச் சேரும் பள்ளிகளின் வாசல் எல்லோருக்கும் பொதுவானது அல்ல. ஆகவே தேறி வருகிறவர்கள் ஒரு சில சாதியினராகவே இருப்பார்கள். அவர்கள் கையில் அதிகாரம் போனால் சாதியும் சேர்ந்தே ஆட்சி செய்யும். இதுதான் அவர் சொன்னது. தேர்வின் நேர்மையைப் பேசுவதற்கு முன் பள்ளியின் நேர்மையைப் பேசு என்ற வாதத்தை நம் மண்ணில் 130 ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பியவர் அவர்.

சட்டமன்ற மேலவையில் அவர் உறுப்பினரானபின் 1924இல் கொண்டுவந்த தீர்மானத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தடை கூடாது என்பது அந்தத் தீர்மானம். பள்ளிக்கூடம் இருப்பது ஊர்த் தெருவில். தெருவில் நடக்க முடியாத பிள்ளைக்குப் பாடத்திட்டம் எதற்கு? எதை முதலில் சட்டமாக்க வேண்டும் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது.

அம்பேத்கரும் இதே இடத்துக்குத்தான் வேறு வழியில் வருகிறார். 1927 மார்ச்சில் பம்பாய் சட்டமன்ற மேலவையில் கல்வி மானியக் கோரிக்கை மீது பேசும்போது, தொடக்கப் பள்ளியில் சேரும் 100 குழந்தைகளில் 18 பேர்தான் நான்காம் வகுப்பைத் தொடுகிறார்கள், மற்ற 82 பேர் மீண்டும் எழுத்தறியாமைக்கே திரும்புகிறார்கள் என்று கணக்கு வைத்தார். சேர்க்கை எண்ணிக்கையை அரசு காட்டிக்கொண்டிருந்தபோது அவர் வெளியேறிய எண்ணிக்கையைக் காட்டினார். நாம் தொடர வேண்டிய முறை அது.

ஏணி வளர்ந்த விதம்

சென்னை மாகாணத்தில் முதலில் இருந்தது பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வு. பல்கலைக்கழகத்தின் வாசல் காவலாகவே அது வந்தது; பள்ளிக்கூடத்துக்கென்று தனிநோக்கம் ஏதும் அதில் இல்லை. 1911 வாக்கில் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. தேர்வு மதிப்பெண்ணோடு பள்ளியில் மாணவர் எப்படிப் படித்தார் என்பதையும் பதிவு செய்யும் சான்றிதழாகவே அது திட்டமிடப்பட்டது. நம் வீட்டில் அதைப் 'புத்தகம்' என்று சொன்னது இதனால்தான். ஆனால் நடைமுறையில் கல்லூரிக்குத் தகுதி உண்டா இல்லையா என்ற ஒற்றை வரி மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. உயர்நிலைப் பள்ளிப் பாடங்கள் 1930களின் பிற்பகுதிவரை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தன. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்குக் கணக்கும் பூகோளமும் பாடமாக இருந்ததைவிட ஆங்கிலப் பரீட்சையாகவே இருந்தன.

1953இல் ராஜாஜி அரசு தொடக்கக் கல்வியை மாற்றியமைத்தது. கிராமப்புறக் குழந்தைகளுக்குப் பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணி. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வி என்று மக்கள் பெயர் வைத்தார்கள். பறையடிப்பவரின் பிள்ளைக்கும் செருப்புத் தைப்பவரின் பிள்ளைக்கும் மலம் அள்ள வைக்கப்பட்டவரின் பிள்ளைக்கும் அந்த மீதி நேரம் எதைக் கற்றுக்கொடுக்கும் என்று கேட்டால் போதும், திட்டம் விளங்கிவிடும். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அடுத்து இலவசக் கல்வி, மதிய உணவு, ஊருக்கு ஊர் பள்ளி. 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கப்பட்டது. இந்த வட்டாரத்துச் சேரிப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியது அந்தச் சோற்றால்தான் என்பதைச் சொல்ல நமக்கு வெட்கம் எதற்கு?

பதினோராம் வகுப்பை எங்கள் மூத்தவர்கள் எட்டிப்பிடிக்கத் தொடங்கியபோது, 1978இல், பத்து வகுப்பும் அதன்மேல் பிளஸ் டூவும் என்று அமைப்பு மாறியது. கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பு பள்ளிக்கு வந்தது நல்லதுதான். கிராமத்துப் பிள்ளைக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் மேல்நிலைப் பள்ளி எல்லா ஊரிலும் வரவில்லை. வந்த இடத்தில் அறிவியல் பிரிவுக்கு ஆசிரியர் வரவில்லை. முன்பு ஒரு கோடு இருந்த இடத்தில் இப்போது இரண்டு கோடுகள். நாலாம் வகுப்பைக் கேட்டோம். எட்டும்போது எட்டாம் வகுப்பு தேவைப்பட்டது. எட்டை எட்டும்போது பத்து, பத்தை எட்டும்போது பன்னிரண்டு. தகுதி உயர்வதை நாம் எதிர்க்கவில்லை. உயர்த்துகிறவர் கையில் ஏணியும் இருந்தது, ஏணியை நகர்த்தும் வசதியும் இருந்தது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

தேர்ச்சி பள்ளியைவிட்டு வெளியே வந்தது

தேர்ச்சி பள்ளிக்குள்ளேயே இருந்திருந்தால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. அது ஊரெல்லாம் நடமாடத் தொடங்கியது. குரூப் 4 தேர்வு எழுதப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றால் புரிந்துகொள்ள முடிகிறது. எழுத்து வேலைக்கு எழுத்துத் தகுதி. ஆனால் சரக்கு வண்டியும் வாடகை வண்டியும் ஓட்டும் உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்லிக்கொண்டிருந்தது. பத்து வருடம் கிளீனராக ஓடி, ராஜபாளையம் முதல் செங்கோட்டை வரை வளைவு வளைவாக ரோட்டை அறிந்த நம் பையன்கள் உரிமம் வாங்க முடியாமல் அடுத்தவர் பெயரில் வண்டி ஓட்டினார்கள். 2019இல் மத்திய அரசே அந்த நிபந்தனையை நீக்கியது. நீக்கியதால் வண்டிகள் நின்றுபோகவில்லை. அப்படியானால் அத்தனை ஆண்டு அது எதற்காக இருந்தது?

இதைவிட ஆபத்தானது ஹரியானாவில் நடந்தது. 2015இல் அங்கே பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்பதற்கே கல்வித் தகுதி வைத்துச் சட்டம் போட்டார்கள். பொதுப்பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டாம் வகுப்பு. வார்டு உறுப்பினராக நிற்கும் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஐந்தாம் வகுப்பு. சலுகை போலத் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம். பள்ளி தராத அரசு, பள்ளிக்குப் போகாததற்காகக் குடிமக்களைத் தண்டித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ராஜ்பாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ராஜஸ்தானும் இதே போன்ற நிபந்தனை வைத்து, 2019இல் அதைக் கைவிட்டது.

மேலவளவு முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டது ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்காக. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் பத்தாண்டு காலம் தேர்தலே முறையாக நடக்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள், 2006இல்தான் நடந்தது. அங்கெல்லாம் அரிவாள் செய்த வேலையை ஒரு சான்றிதழ் சத்தமில்லாமல் செய்துவிடும். கொலை இல்லை, வழக்கு இல்லை, செய்தி இல்லை. வேட்புமனு நிராகரிக்கப்பட்டது என்று ஒரு வரி போதும்.

சட்டம் வந்தபோது

பத்தாம் வகுப்பில் எத்தனை பாடம், எத்தனை மதிப்பெண், எது தேர்ச்சி என்பதெல்லாம் பெரும்பாலும் அரசாணைகளின் வழியாகவே நம்மிடம் வந்தன. சட்டமன்றத்தில் விவாதித்து இயற்றிய சட்டம் இந்த இடத்துக்கு மிகத் தாமதமாகவே வந்தது. இரண்டு சட்டங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம். 2006–07இல் முதல் வகுப்பில் தமிழ் கட்டாயம்; ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015–16இல் பத்தாம் வகுப்பை அடையும். பள்ளியை முடிக்க இன்னது படித்திருக்க வேண்டும் என்று சட்டமே சொன்னது. அது ஏறிய விதத்தைக் கவனியுங்கள். பத்தாம் வகுப்பில் இருந்த பிள்ளையிடம் திடீரென்று புதுத் தாளை நீட்டவில்லை. பத்து ஆண்டு கற்பித்துவிட்டுப் பத்தாம் ஆண்டில் கேட்டது. அப்படியிருந்தும் மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளுக்குத் தமிழ் ஆசிரியர் போடப்படவில்லை என்ற புகாரோடு வழக்குகள் வந்தன. விலக்குகள் தர வேண்டியிருந்தது. கற்பிக்காததைக் கேட்கக் கூடாது என்ற நியாயம் அவர்களுக்குக் கிடைத்தது. சரியானதே. அதே நியாயம் கணக்கு ஆசிரியரே இல்லாமல் கணக்குத் தேர்வு எழுதிய சேரிப் பள்ளிப் பிள்ளைக்கு எந்த ஆண்டும் கிடைத்ததில்லை.

இரண்டாவது, 2010ஆம் ஆண்டுச் சமச்சீர் கல்விச் சட்டம். அதுவரை மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு வகைப் பள்ளிகள், நான்கு வகைப் பாடங்கள். எல்லாரும் பத்தாம் வகுப்பு என்றாலும் ஒரே பத்தாம் வகுப்பு அல்ல. முத்துக்குமரன் குழுவின் பரிந்துரைகளுக்குப் பிறகு வந்த இந்தச் சட்டம் பாடத்தையும் தேர்வையும் ஒன்றாக்கியது. 2011இல் ஆட்சி மாறியதும் புதிய அரசு சட்டத்தைத் திருத்தித் திட்டத்தை நிறுத்திவைத்தது. பள்ளி திறந்தும் பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை. அச்சிட்ட புத்தகங்கள் கிடங்கில் கிடந்தன. ஜூலை 18இல் உயர் நீதிமன்றமும் ஆகஸ்ட் 9இல் உச்ச நீதிமன்றமும் பிள்ளைகள் பக்கம் நின்றபிறகே பாடம் தொடங்கியது.

அந்த வழக்கு நமக்குத் தரும் பாடம் இது. சமச்சீர் வெறும் அரசாணையாக இருந்திருந்தால் இன்னோர் அரசாணை ஒரே நாளில் அதை முடித்திருக்கும். சட்டமாக இருந்ததால் நீதிமன்றத்தில் நிற்க முடிந்தது. அரசாணையை எதிர்த்து நாம் மனு கொடுக்கலாம். சட்டத்தைக் காட்டி உரிமை கேட்கலாம்.

பிள்ளைக்கு இரண்டு மாதம், அரசுக்கு ஒன்பது ஆண்டு

கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 16ஆம் பிரிவு எட்டாம் வகுப்புவரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது, வெளியேற்றக் கூடாது என்றது. இதைத்தான் 'ஆல் பாஸ்' என்று எல்லோரும் கேலியாகச் சொல்கிறார்கள். நம் கூட்டங்களிலேயே இதைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. "ஆல் பாஸ் போட்டு நம்ம பிள்ளைகளத்தான் கெடுத்தாங்க. ஒன்பதாம் வகுப்புல வந்து பேர் எழுதத் தெரியல" என்று நம் பெற்றோர்களே சொல்கிறார்கள். அதை அலட்சியப்படுத்தக் கூடாது. அந்தக் கோபம் உண்மையானது. படிக்காமலே மேலே அனுப்பப்பட்ட பிள்ளை ஏமாற்றப்பட்ட பிள்ளைதான்.

ஆனால் கோபம் யார் மேல் போக வேண்டும்? அந்தச் சட்டம் பிள்ளையைப் பற்றி மட்டும் பேசவில்லை. தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், கட்டடம், கழிப்பறை, குடிநீர், நூலகம் என்று பள்ளிக்கும் நிபந்தனை வைத்தது. அதை நிறைவேற்ற மூன்று ஆண்டு கெடு கொடுத்தது. ஆசிரியர்கள் உரிய பயிற்சித் தகுதி பெற ஐந்து ஆண்டு, அதாவது 2015 மார்ச் வரை, கெடு. நிறைவேறவில்லை என்றதும் 2017இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தக் கெடுவை 2019 மார்ச் 31 வரை நீட்டியது. அரசுக்கு மொத்தம் ஒன்பது ஆண்டு. அரசு தோற்றது, மறுவாய்ப்பு கிடைத்தது.

அந்தக் கெடு முடிவதற்கு முன்பே, 2019 ஜனவரியில், அதே சட்டத்தில் இன்னொரு திருத்தம் வந்தது. ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைக்கலாம். தோற்றால் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு. அதிலும் தோற்றால் மாநில அரசு விரும்பினால் நிறுத்திவைக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு மாதம். இந்த இரண்டு திருத்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள், மாணவ நண்பர்களே. சட்டம் யாரைப் பார்த்துக் கண்டிப்பாக இருக்கிறது, யாரைப் பார்த்து இரக்கமாக இருக்கிறது என்பது தெரியும்.

தமிழ்நாட்டிலும் அந்த ஆண்டு செப்டம்பரில் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று ஆணை வந்தது. ஆசிரியர் அமைப்புகளும் கட்சிகளும் பெற்றோரும் எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரி 4இல் அரசு அதைத் திரும்பப் பெற்றது. நான்கு மாதம் கழித்துக் கொரோனா காலத்தில், ஜூன் 9ஆம் தேதி, பத்தாம் வகுப்புத் தேர்வே ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து 80 விழுக்காடு, வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடு என்று கணக்கிட்டு 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தேர்ச்சி பெற்றதாக அறிவித்தார்கள். தேர்ச்சி என்பது இயற்கை விதி அல்ல, அரசின் முடிவு என்பதை அந்த ஒரே அறிவிப்பு காட்டிவிட்டது. 2017–18இல் கொண்டுவந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு போனது. கோடு போடவும் தெரியும், அழிக்கவும் தெரியும்.

கோட்டுக்கு முன்னாலேயே நடக்கும் இன்னொரு வேலையை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். பள்ளி வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பிளெக்ஸ் வைக்க ஆசைப்படுகிறவர்கள், ஒன்பதாம் வகுப்பிலேயே தகப்பனாரை அழைத்து டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். "தனித்தேர்வரா எழுதட்டும்" என்பார்கள். கரும்பு வெட்டுக்குக் குடும்பத்தோடு வெளியூர் போய்த் திரும்பிய பிள்ளைக்கு வருகைப் பதிவைக் காட்டுவார்கள். தோற்றவர்கள் கணக்கில் அந்தப் பிள்ளை வராது. அம்பேத்கர் சொன்ன 82இல் அது சேரும்.

புளோரிடாவில் கேட்ட கேள்வி

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 1970களின் இறுதியில் ஒரு சட்டம் போட்டது: அடிப்படைத் திறன் தேர்வில் தேறினால்தான் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ். தோற்றவர்களில் கறுப்பின மாணவர்களின் விகிதம் மிக அதிகம். டெப்ரா பி. என்று நீதிமன்ற ஆவணத்தில் குறிக்கப்பட்ட ஒரு மாணவியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். அவர்கள் தங்கள் படிப்பைத் தொடங்கிய காலத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி. பழைய புத்தகம், பாழடைந்த கட்டடம்.

1979இல் நீதிமன்றம் சொன்னது: பிரித்துவைத்த பள்ளியில் தொடங்கிய மாணவர்கள் வெளியேறி முடியும்வரை இந்த நிபந்தனையை நடைமுறைப்படுத்தக் கூடாது. 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொன்றையும் சேர்த்தது: தேர்வில் கேட்பதைப் பள்ளியில் உண்மையிலேயே கற்பித்தோம் என்று அரசு நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் சுமை மாணவர் தலையிலிருந்து அரசின் தலைக்கு மாறியது. பின்னர் 1983இல் மாநிலம் நிரூபித்து வென்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நிரூபிக்கவேண்டிய கட்டாயத்துக்காகவே பள்ளிகளைச் சீர்செய்ய வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள், பள்ளியை முடிக்க மாநிலத் தேர்வு கட்டாயம் என்ற நிபந்தனையை வாக்களித்தே நீக்கினார்கள்.

சீனிவாசன் 1893இல் மனுவில் எழுப்பியதும் டெப்ரா பி. நீதிமன்றத்தில் எழுப்பியதும் ஒரே கேள்வி. எங்களைச் சோதிக்கும் முன் உங்கள் பள்ளியைச் சோதித்தீர்களா?

நாம் தேறியபோது

இவ்வளவையும் கடந்து நம் பிள்ளைகள் தேறத்தான் செய்கிறார்கள். தேறியபோது என்ன நடந்தது? தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றியது. 2007 முதல் அது நடைமுறையில் இருந்தது. பள்ளிப் படிப்பை முடித்ததே தகுதி என்று சட்டம் ஒப்புக்கொண்ட காலம் அது. 2017இல் நீட் வந்தது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த மூட்டைத் தொழிலாளியின் மகள் அனிதா 1200க்கு 1176 எடுத்திருந்தார். நேற்றுவரை போதுமாக இருந்த தகுதி அன்று போதவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடினார். அந்தச் செப்டம்பர் 1ஆம் தேதி அவரை இழந்தோம். 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானது அந்த இழப்புக்குப் பின் எழுந்த குரலால்தான்.

இன்னொன்றையும் மறக்க முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்த சீனிவாசனின் பள்ளிக்கும் இந்தப் பள்ளிக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு இருக்கிறது. ஒரு பிள்ளை பயமில்லாமல் பள்ளிக்குப் போய்த் திரும்ப முடிகிறதா என்பதை எந்தத் தேர்ச்சி விழுக்காடும் சொல்வதில்லை.

நம் நிலைப்பாடு

பள்ளிப் படிப்பை முடிக்கத் தகுதி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தரம் குறைந்த சான்றிதழ் நமக்குத் தேவையில்லை. அது நம்மை ஏமாற்றும் இன்னொரு வழி. தகுதியைச் சட்டமாகவே எழுதுங்கள் என்கிறோம். அந்தச் சட்டத்தின் முதல் பிரிவு அரசைக் கட்ட வேண்டும். பிள்ளையைக் கட்டும் பிரிவு அதற்குப் பின்னால் வரட்டும். ஒரு பாடத்துக்கு ஆண்டு முழுவதும் ஆசிரியர் இல்லாத பள்ளியில் அந்தப் பாடத்தின் தோல்வி பிள்ளையின் பெயரில் எழுதப்படக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களையும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்களையும் பள்ளிவாரியாக அரசு பக்கத்தில் பக்கத்தில் வெளியிட வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையின்கீழ் கொண்டுவருவதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். பெயர்ப்பலகை மாறுவதைவிட, அங்கே காலியாக உள்ள பணியிடம் நிரம்புகிறதா என்பதே கேள்வி. தேர்தலில் நிற்கவும் வண்டி ஓட்டவும் பள்ளிச் சான்றிதழைக் கேட்கும் வேலை எந்தப் பெயரிலும் இங்கே வரக் கூடாது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வட்டாரத்துச் சேரிகளில் வீடு வீடாகப் போங்கள். தகரப்பெட்டியில் உள்ள எஸ்.எஸ்.எல்.சி. புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த ஆண்டு, எந்தப் பாடத்தில், எத்தனை மதிப்பெண்ணில் நின்றுபோனார்கள் என்று எழுதுங்கள். அந்த ஆண்டு அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருந்தாரா என்றும் கேட்டு எழுதுங்கள். புத்தகமே இல்லாத வீட்டில் இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். எந்த வகுப்போடு, எதனால் நின்றது என்று கேளுங்கள். நூறு வீடு சேர்ந்தால் அது ஒரு மனு. 1893இல் சீனிவாசன் 3,412 கையொப்பம் சேர்த்தார். நம்மிடம் பஸ் இருக்கிறது, கைப்பேசி இருக்கிறது, எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு இதே நாளில் அந்தக் கணக்கை இங்கே வாசிப்போம்.

ஜெய்பீம்.